ஒன்பதாவது இடத்தில் அக்காவின் பெயர்

“…அதுக்கப்புறம் கேளு கல்பனா, மூணாவது வீட்டு டீச்சர் இல்ல, அவங்க பொண்ணு ரேடியோவுக்குப் போன் போட்டுப் பேசிச்சாம்பா. ‘என் ஃப்ரெண்டுக்காக இந்தப் பாட்டைப் போடுங்க’ன்னு ஒரு பையன் பேரைச் சொல்லிக் கேட்டுச்சாம். அம்மாகாரி அதைப் புடிச்சு வெச்சுக்கினு தெருவுக்கே போன்ல அனுப்பிக்கினு இருக்குறா. எம் பொண்ணு பேரு ரேடியோவுல வந்துச்சு, எம் பொண்ணு பேரு ரேடியோவுல வந்துச்சுன்னு ஒரே பெருமை. எனக்கும் சந்தோஷம்தாம்மா. சிரிச்சுக்கினேதான் கேட்டேன். வீட்டுக்கு வந்து உக்காந்தப்போதான் காது அடைச்சாப்புல ஆயிட்டுது.”

கல்பனா செவிலிமேட்டில் என் பக்கத்து வீட்டுக்காரி. வாரம் முழுக்க மெட்ராசுக்கு வேலைக்குப் போய் வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்குக் கிடைப்பாள். “ஏன் ஆயா காது அடைச்சுது?” என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்ததும் எழுந்துபோய் நோட்டும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கையெழுத்துக்கும் பெருவிரல்தான். வாய்க்கு வந்தபடி நான் சொல்லிக்கொண்டு போவதை அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். எழுதட்டும். புடவையை மடித்துக் கொடுத்தால் முழம் குறைந்தா போகும்?

ரேடியோவுக்கு ஒரு வாசம் உண்டு. இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. அந்தக் காலத்துப் பெட்டி ரேடியோவைத் திருகியதும் பாடிவிடாது, உள்ளே பல்பு சூடேற வேண்டும், சூடேற ஏற மரமும் தூசியும் சேர்ந்து வெந்த மாதிரி ஒரு வாசம் கிளம்பும், அதன் பிறகு கரகரவென்று ஓர் இரைச்சல், அதற்கும் பிறகுதான் மனுஷக் குரல். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் சந்துக்கே ஒரு ரேடியோதான் இருந்தது, அதுவும் கோடி வீட்டு லட்சுமம்மாவுடையது. தெலுங்குக்காரம்மா, பட்டு வியாபாரம் செய்கிற குடும்பம். அவர் போடுகிற நாரத்தங்காய் ஊறுகாயைப் பற்றியே ஒரு பொழுது பேசலாம், அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் ரேடியோவைத் தெருவைப் பார்த்து ஜன்னலில் வைத்துவிடுவார். “நாலு பேர் கேட்டாத்தான் பாட்டு, ஒருத்தி கேட்டா அது வெறும் சத்தம்” என்பார்.

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த நிகழ்ச்சி அது. அந்த வாரத்தின் பத்துப் பாட்டுகளை வரிசை போட்டு, பத்தாவதில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறி முதல் பாட்டுக்கு வருவார்கள். எந்தப் பாட்டுக்கு அதிகம் கார்டு போகிறதோ அது மேலே ஏறும். பாட்டு போடுவதற்கு முன்னால், கார்டு எழுதியவர்களின் ஊரையும் பெயரையும் அந்த அறிவிப்பாளர் வாசிப்பார். என்ன குரல் தெரியுமா அது! கத்தரிக்காய் விலையை வாசித்தால்கூட உட்கார்ந்து கேட்கலாம். எங்கள் சந்தில் தறிச்சத்தம் நிற்பதற்கு மூன்றே காரணம்தான்: அமாவாசை, சாவு, அப்புறம் ஞாயிற்றுக்கிழமையின் இந்த ஒரு மணி நேரம். தறிக்குழியில் காலை விட்டபடியே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு நடிகர்களுக்கு இரண்டு கட்சியாகத் தெரு பிரிந்து கிடந்தது. தன் கட்சிக்காரர் பாட்டு இரண்டாம் இடத்திலிருந்து ஐந்துக்கு இறங்கியதற்காக, எதிர்க்கட்சியான பெண்டாட்டியோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த மனுஷன் எங்கள் எதிர் வீட்டிலேயே இருந்தார். அந்தம்மா அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை; “ஒரு வாரம் ஓய்வுடி எனக்கு” என்று எங்கள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். என் அக்கா கமலாவுக்குப் பதினேழு. அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தருவதைத்தான் “தார் சுத்தறது” என்போம். ராட்டை சுற்றுகிற கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஒரு தடவை கேட்டால் போதும், திங்கட்கிழமை காலையில் அந்தப் பாட்டு முழுசாக அவள் வாயில் இருக்கும். எனக்கும் அவளுக்கும் எழுத்து தெரியாது என்பதால், பாட்டு வரிசையைப் புளியங்கொட்டையால் வைத்துக்கொள்வோம். சுவரோரம் பத்துக் கொட்டை. எந்தப் பாட்டு ஏறியது, எது இறங்கியது என்று வாராவாரம் நகர்த்துவோம். அக்காவுக்கு உயிரான ஒரு பாட்டு அந்த ஐப்பசியில் வந்திருந்தது. எடுத்த எடுப்பில் வார்த்தையே கிடையாது, ஒரு பெண் சும்மா முனகிக்கொண்டே வருவாள், அப்புறம்தான் பாட்டு. அது எந்தப் பாட்டு என்று கல்பனா நாலு தடவை கேட்டுவிட்டாள். நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டுக்கு உரிய கொட்டையை மட்டும் கல்லில் தேய்த்து ஒரு பக்கம் வெள்ளையாக்கி வைத்திருந்தோம். பத்துக்குள் வராமல் அது சுவரோரம் வெளியே காத்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு ஆரணியில் மாப்பிள்ளை பார்த்து, தட்டு மாற்றி, தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அவர்களும் நெசவுக் குடும்பம்தான். ஆரணிக்குப் போய்விட்டால் அக்காவுக்கு ரேடியோ கிடைக்குமோ கிடைக்காதோ என்று எனக்கு ஒரே கவலை. போவதற்குள் அவள் பெயர் அந்தக் குரலில் ஒரு தடவை வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

தெருமுனை சைக்கிள் கடையில் முருகேசன் வேலை செய்தான். இருபது வயசுக்காரன், கூரத்திலிருந்து வருகிறவன். எங்கள் ஆட்கள் இல்லை. கூலி வேலைக்காரக் குடும்பத்தில் முதல் முதலாகப் பெரிய பள்ளிக்கூடம் வரை படித்தவன். எங்கள் வீடுகளில் யாரும் அவனை வாசற்படிக்கு மேலே ஏற விட்டதில்லை, ஆனால் எங்கள் வீட்டுக் கடிதாசெல்லாம் அவன் கையால்தான் போயிற்று. ரேடியோவுக்கும் அவன்தான் வாராவாரம் கார்டு எழுதுவான். ஒரு கார்டில் ஏழெட்டுப் பேர் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். எல்லாம் ஆண்பிள்ளைப் பெயர்கள். பெண் பெயரைத் தபாலில் போடுகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

நான் மடியில் வறுத்த வேர்க்கடலை கட்டிக்கொண்டு போய் அவனிடம் கேட்டேன்.

“முருகேசண்ணா, இந்த வாரம் அந்த முனகற பாட்டுக்கு எழுதேன். எங்கக்கா பேரைப் போட்டு எழுது.”

“பொம்பளப் புள்ள பேரெல்லாம் போடக் கூடாது பாப்பா. உங்க நயினா என்னைப் பஞ்சராக்கிடுவாரு.”

“அக்காதான் போடச் சொல்லுச்சு.”

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்த மாதிரி வந்துவிட்டது.

“நெஜமாவா?”

“சாமி சத்தியமா.”

அவன் சிரித்தான். கடலையை வாங்கிக்கொண்டான். அந்த வாரம் பார்த்து எதிரெதிர்க் கட்சிப் பையன்களுக்குள் சண்டை. எந்தப் பாட்டுக்கு எழுதுவது என்று கடை வாசலில் அடித்துக்கொண்டு எல்லோரும் கலைந்து போயிருந்தார்கள். ஆகவே கார்டில் எழுதுவதற்கு வேறு பெயரே இல்லை. தன் பெயரை எழுதினான், பக்கத்தில் அக்காவின் பெயரை எழுதினான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இரண்டும் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தது.

கார்டு கடல் தாண்டிப் போக வேண்டுமே. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லாமல் போயிற்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. வாய்க்குள் கற்கண்டை வைத்துக்கொண்டு மூடிக்கொண்ட மாதிரி அந்த மூன்று வாரமும் திரிந்தேன்.

நாலாவது வாரம் பத்தாவது பாட்டு முடிந்தது. “ஒன்பதாவது இடத்தில், இந்த வாரம் புதிதாக நுழையும் பாடல்” என்று அந்தக் குரல் சொன்னது. பிறகு ஊர் ஊராகப் பெயர் வாசித்தது. பிறகு, “காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையத்திலிருந்து முருகேசன், கமலா” என்றது.

புருஷன் பெண்டாட்டி பெயரை வாசிக்கிற மாதிரி, ஒரே மூச்சில், சேர்த்து.

நான் துள்ளி எழுந்தேன். “அக்கா! அக்கா, உம் பேரு!” என்று கையைத் தட்டினேன். கை தட்டுகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது, ஏனென்றால் தெருவில் வேறு சத்தமே இல்லை. தறிகள் எல்லாம் நின்றிருக்கிற நேரம் அல்லவா? ஒரு வீடு பாக்கியில்லாமல் கேட்டிருந்தார்கள். லட்சுமம்மா, “ஐயையோ, ஏமிடி இதி?” என்று ரேடியோவை அவசரமாகத் திருகி நிறுத்தப் போய், தெரியாமல் சத்தத்தைக் கூட்டிவிட்டார். அந்த முனகல் தெரு முழுக்க வழிந்தது.

நயினா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். அக்காவின் இடது காதோடு சேர்த்து ஓர் அறை. ராட்டையின் மேலேயே அவள் சாய்ந்தாள். காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் இறங்கி, சுற்றிக்கொண்டிருந்த வெள்ளை நூலில் பட்டது.

முருகேசனை நாலைந்து பேர் எங்கள் வாசலுக்கு இழுத்து வந்தார்கள். அதற்குள்ளேயே அடித்திருந்தார்கள், சட்டை கிழிந்து தொங்கியது. “யாருடா போடச் சொன்னது?” என்று கேட்டதும் அவன் உண்மையைத்தான் சொன்னான். “அந்தப் பொண்ணுதாங்க சொல்லி அனுப்பிச்சுது. இந்தப் பாப்பாதான் வந்து சொல்லுச்சு. கேட்டுப் பாருங்க.”

நயினா என் பக்கம் திரும்பினார். “ஏண்டி சரசு, அக்கா சொல்லித்தான் போனியா?”

அவர் கை இன்னும் இறங்கவில்லை. அந்தக் கையையே பார்த்தேன். அப்புறம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். காதைப் பொத்தியிருந்த விரல்களுக்கு இடையில் ரத்தம். “பொய் சொல்றா நயினா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த அறை எனக்கு விழுந்திருக்கும். ஒன்பது வயசுக் காது அதைத் தாங்கியிருக்காது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்ததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

“ஊமையாட்டம் இருந்துக்கினு எப்படிச் செஞ்சிருக்கா பாரேன்” என்று எதிர் வீட்டம்மாவே சொன்னது. அதே அம்மாதான், புருஷன் பேசாததற்குச் சிரித்த அம்மா.

முருகேசனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கால் ஒடிந்து கூரத்தில் கிடக்கிறான் என்றார்கள், அப்புறம் பம்பாய்க்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் சைக்கிள் மட்டும் கடை வாசலில் மழையில் நனைந்துகொண்டு ரொம்ப நாள் நின்றது. தெருவுக்குக் கடிதாசு எழுத, படிக்க ஆள் இல்லாமல் போய், வந்த கடிதாசையெல்லாம் எடுத்துக்கொண்டு மார்க்கெட் வரை நடந்தார்கள். அவனை அடித்தவர்களும்தான் நடந்தார்கள்.

ரேடியோ என்ன, எங்கள் சந்துக்கு மட்டுமா பாடுகிறது? ஆரணியிலும் ஜன்னல் இருக்கிறது, ஜன்னலில் ரேடியோ இருக்கிறது. அடுத்த வாரம் பாட்டு ஏழாம் இடத்துக்கு ஏறியபோது மாப்பிள்ளையின் அத்தை வந்து, வாசலில் நின்றபடியே தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “பேரு வந்த வீட்டுக்கே பொண்ணைக் குடுங்க” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அம்மா அக்காவின் காதில் வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டுப் பார்த்தாள், பூண்டு காய்ச்சி விட்டுப் பார்த்தாள், தர்மாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். அந்தக் காது அதோடு போயிற்று.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஐந்து. நாலு. மூன்று. அடுத்த தெருவில் பாடுவது எங்கள் வீட்டுக்குள் கேட்கும். புளியங்கொட்டையை நான்தான் தனியாக நகர்த்திக்கொண்டிருந்தேன். எதற்கு நகர்த்தினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நிறுத்தினால் இன்னும் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அக்கா பக்கத்திலேயே தார் சுற்றிக்கொண்டிருப்பாள். கொட்டையைப் பார்க்க மாட்டாள், பாட மாட்டாள்.

தையில் குறித்த முகூர்த்தத்திலேயே அவளைத் தென்னேரியில் கட்டிக்கொடுத்தார்கள். ஆள் வேறு. பெண்டாட்டியை இழந்தவர், நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகள். “அவருக்கு ரேடியோ கீடியோ பழக்கம் இல்ல” என்று நயினா சொன்னார், அதுவே பெரிய தகுதி என்கிற மாதிரி. மாப்பிள்ளை வீட்டு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மைக் செட்டுக்காரன் எங்கிருந்தோ வந்தவன், அவனுக்கு என்ன தெரியும்? எது அந்த வாரம் முதலிடத்தில் இருக்கிறதோ அதைத்தான் அவன் போடுவான். தாலி கட்டி முடிந்து கெட்டிமேளம் அடங்கியதும், அந்த முனகல் தொடங்கியது.

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். நயினா மைக் செட்டுப் பக்கம் ஓடினார். அக்கா மணையில் உட்கார்ந்தபடியே கழுத்தை மெதுவாகத் திருப்பி, இடது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்து, வலது காதைத் தோளில் சாய்த்து அழுத்திக்கொண்டாள். புதுப்பெண் வெட்கப்படுகிறாள் என்று அந்த ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து வெள்ளைக் கொட்டையைக் கிணற்றில் போட்டேன். அது விழுந்த சத்தம்கூட வரவில்லை.

அக்கா அந்த வீட்டில் காலம் தள்ளினாள். வாழ்ந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூத்தாள் பிள்ளைகளை வளர்த்தாள், தனக்கென்று பிறந்தது இரண்டும் தங்கவில்லை. எப்போதாவது நான் போனால், “ஒத்தைக் காதுல ஒரு வசதி இருக்குது சரசு, மாமியார்காரி திட்டறப்போ இந்தப் பக்கம் காட்டிக்குவேன்” என்று சொல்லிச் சிரிப்பாள். என்னைப் பார்த்து ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் எடுத்ததில்லை.

அவளுக்கு அறுபது தாண்டிய பிறகு ஒரு நாள் போயிருந்தேன். ஏரிக்கரைப் பக்கம் பார்த்த வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று பஸ் முழுக்க மனசைக் கட்டிக்கொண்டு போனேன். போய் அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். தெரிந்தேதான் உட்கார்ந்தேன். கடலையைச் சொன்னேன், சாமி சத்தியத்தைச் சொன்னேன், தலையை ஆட்டியதைச் சொன்னேன், நீ பார்த்ததைப் பார்த்தேன் என்றேன். கேட்காத காதில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முறம் நிற்கவில்லை. நான் எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“அடுத்த தடவை வர்றப்போ இந்தப் பக்கம் உக்காந்து சொல்லு.”

வலது பக்கம் தரையைக் கையால் தட்டிக் காட்டினாள்.

அடுத்த தடவை நான் போனபோது அவளைக் கிடத்தியிருந்தார்கள். வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன?

லட்சுமம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது யாத்திரைக்காரர்கள் தங்குகிற லாட்ஜ் நிற்கிறது. கார்டு எழுதுகிறவர்களும் இல்லை, பெயர் வாசிக்கிற அந்தக் குரலும் இல்லை. ஒரு தெருவே சேர்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஒரு மணி நேரமும் இல்லை. பாட்டுகளெல்லாம் கல்பனாவின் கைப்பேசியில் இருக்கின்றன, எதற்கும் முதல் இடமும் கிடையாது, கடைசி இடமும் கிடையாது. மூன்றாவது வீட்டுப் பெண்ணின் பெயர் ஒரு பையனோடு சேர்ந்து வருகிறது, அவள் அம்மா அதை ஊருக்கே அனுப்புகிறாள். நல்லதுதான். அதைக் கேட்டுத்தான் சிரித்தேன். எங்கள் தெருவில் ஒரு காதையும் ஒரு காலையும் வாங்கின விஷயம், இங்கே இவ்வளவு லேசாகப் போகிறதே என்றுதான் அடைத்தது.

“இன்னா கல்பனா, எழுதிட்டியா? அன்னிக்கும் சொன்னது நான்தான், எழுதினது வேற ஒருத்தன். அந்தக் கார்டுல அவன் பேரு இருந்துச்சு, அக்கா பேரு இருந்துச்சு. எம் பேரு இல்ல பாரு. இதுலயாவது போடு. கீழ, கமலான்னு எழுதி, பக்கத்துலயே சரசுன்னு எழுது. தள்ளி எழுதாத, சேர்த்தே எழுது. எழுதிட்டியா? எங்க, வெரலை வெச்சுக் காட்டு, எது அவ, எது நான்?… அட, கொழாயில தண்ணி வந்துட்டுதும்மா, அரை மணிதான் வுடுவான். கொடத்தை வெச்சுட்டு ஓடியாந்துடறேன். நான் வர்றதுக்குள்ள எம் பேரை அடிச்சுடாத.”